கை அறிந்த வேலை: மறதி நோயும் சமூக வேளாண்மையும்

சமூக வேளாண்மை என்பது ஒரு தோட்டத்தை அல்லது பண்ணையை விளைச்சலுக்காக நடத்துவதோடு, மனிதர்களின் உடல்நலம், மனநலம் காக்கவும் திறந்து வைப்பது. மனநோயிலிருந்து மீள்பவர்கள், மாற்றுத்திறனாளிகள், குடியிலிருந்து விடுபட முயல்பவர்கள், பள்ளியில் ஒட்டாத பிள்ளைகள் எனப் பலர் அங்கே வந்து, விவசாயியோடு சேர்ந்து தங்களால் முடிந்த வேலையைச் செய்கிறார்கள். ஐரோப்பாவில் இந்தப் பண்ணைகளை நாடி வருபவர்களில் டிமென்ஷியா எனப்படும் மறதி நோய்க்கு ஆளான முதியவர்களுக்குத் தனி இடம் உண்டு. வாரத்தில் சில நாள் காலையில் வருகிறார்கள். கோழிக்குத் தீனி போடுகிறார்கள், காய் பறிக்கிறார்கள், எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், மாலையில் வீடு திரும்புகிறார்கள். மருத்துவமனை வாடை இல்லாத பகல்நேரப் பராமரிப்பு அது.

திண்டுக்கல் சமவெளிக்கு இந்த முறை பொருந்துவதற்குக் காரணம், இங்கே மறதி நோய்க்கு ஆளாகும் வயதில் இருப்பவர்களின் வாழ்க்கை வரலாறு. கிழக்கே சிறுமலையும் மேற்கே கொடைக்கானல் மலையும் காவல் நிற்க, அவற்றை ஒட்டி ஆத்தூர், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், வேடசந்தூர், சாணார்பட்டி, நத்தம் என விரியும் செம்மண் பூமியில், இன்று எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் மண்ணில் உழைத்தவர்கள். கமலை இறைத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மல்லிகை மொட்டு பறித்தவர்கள், சின்ன வெங்காயம் நட்டவர்கள், புகையிலைக்கு முளை கிள்ளியவர்கள், நிலக்கடலை பிடுங்கிக் கூலியாக ஒரு பங்கு வாங்கிக்கொண்டு வந்தவர்கள் இவர்கள். நோய் வந்த பிறகு இவர்களுக்கு வீட்டில் கிடைப்பது திண்ணையில் ஒரு நாற்காலி, அல்லது உள்ளே தொலைக்காட்சிக்கு முன்னால் ஒரு கட்டில். எங்காவது போய்விடுவார்களே என்ற பயத்தில் கதவு வெளியே பூட்டப்படுவதும் உண்டு.

எண்ணிக்கை சிறியது அன்று. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. 2036-இல் இது 1.69 கோடியாகும் என்பது அதே ஆய்வின் கணிப்பு. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் இந்த நோய் அதிகம் என்றும் அது காட்டியது. மறதி நோய் நகரத்தாருக்கு, படித்தவர்களுக்கு, வசதியானவர்களுக்கு வருவது என்ற எண்ணத்தை இந்த ஒரு கண்டுபிடிப்பே மாற்றப் போதுமானது. பள்ளிக்கூடம் போகாத மூளைக்கு இந்த நோயைத் தாங்கும் இருப்பு குறைவு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். களை எடுக்கப் போனதால் பள்ளிக்குப் போகாத தலைமுறைப் பெண்கள்தான் இன்று அந்த வயதில் இருக்கிறார்கள். முதியோர் விகிதத்தில் கேரளத்துக்கு அடுத்த இடத்தில் இருக்கும் தமிழ்நாட்டுக்கு இது நாளைய கவலை அல்ல, இன்றைய வேலை.

நோய் எடுப்பதும் விடுவதும்

டிமென்ஷியா பல நோய்களுக்குப் பொதுவான பெயர். அவற்றில் முதன்மையானது அல்சைமர். சிறிதும் பெரிதுமான பக்கவாதங்களால் மூளைக்கு ரத்த ஓட்டம் தடைபட்டு வருவது இன்னொரு வகை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மலிந்த தமிழ்நாட்டில் அதையும் அடிக்கடி காணலாம். லூயி பாடி டிமென்ஷியா, மூளையின் முன்பகுதியைத் தாக்கி முதலில் குணத்தை மாற்றும் வகை என மற்றவையும் உண்டு.

அல்சைமர் முதலில் தாக்குவது ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியையும் அதைச் சுற்றியுள்ள இடங்களையும். புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் வேலை அங்கேதான் நடக்கிறது. அதனால்தான் காலையில் சாப்பிட்டது மறந்துபோகிறது, அறுபது ஆண்டுக்கு முந்தைய பஞ்ச காலம் நினைவில் நிற்கிறது. ஆனால் கைப்பழக்கத்தால் வந்த நினைவு மூளையின் வேறு பகுதிகளில், அடித்தளத்தில் உள்ள நரம்புத் திரள்களிலும் சிறுமூளையிலும் தங்கியிருக்கிறது. நோய் அங்கே எட்ட நாளாகும். பேத்தியின் பெயரைச் சொல்லத் தடுமாறும் ஒரு மூதாட்டியிடம் சொளகைக் கொடுத்தால் தவிட்டையும் கல்லையும் பிரித்துப் புடைத்துவிடுவார். கையில் களைக்கொத்து வந்தால் பயிர் எது, களை எது என்று கண் தானே பார்த்துக்கொள்ளும். சமூக வேளாண்மையின் அறிவியல் அடிப்படை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

இதோடு சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டியது வேறொரு இழப்பு. மறதி நோய் ஒரு வேலையைத் தானாகத் தொடங்கும் திறனையும், அடுத்தது என்ன என்று வரிசைப்படுத்தும் திறனையும் சீக்கிரமே பறித்துவிடுகிறது. அவருக்கு வெங்காயத் தாள் அறுக்கத் தெரியும். ஆனால் எழுந்து போய், அரிவாள்மணையை எடுத்து, கூடையை இழுத்து வைத்துத் தொடங்க முடியாது. குடும்பத்தார் இதைச் சோம்பல் என்றோ, எல்லாமே போய்விட்டது என்றோ எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் போனது தொடக்கம் மட்டுமே. அருகில் ஒருவர் உட்கார்ந்து முதல் பிடியைத் தான் அறுத்துக் காட்டினால், இரண்டாவது பிடி முதியவரின் கையில் தானாக ஓடும். பண்ணைப் பராமரிப்பில் உடனிருப்பவரின் பயிற்சியில் பாதி இந்த முதல் அசைவைப் பற்றியதுதான்.

மாலை நேரப் பதற்றம் இந்த நோயில் பரவலாகக் காணப்படுவது. பொழுது சாயும்போது முதியவர் எழுந்து வாசலுக்குப் போகிறார். "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்", "காட்டுக்குப் போகணும்" என்கிறார். மாடு விற்று இருபது வருடம் ஆகியிருக்கும். அதைப் பித்து என்று அடக்குவதுண்டு. அது அந்த நேரத்தில் அவர் ஆயுள் முழுக்கச் செய்த வேலை என்று எடுத்துக்கொண்டால், வழி வேறு மாதிரி திறக்கிறது. தண்ணி காட்ட உண்மையிலேயே ஒரு மாடு இருந்தால் பதற்றத்துக்குப் போக ஓர் இடம் கிடைக்கிறது. பகல் வெளிச்சத்துக்கும் இதில் பங்கு உண்டு. வீட்டுக்குள் இருக்கும் ஒளியைவிட மரநிழலில் கிடைக்கும் ஒளி பல மடங்கு அதிகம். உடலின் தூக்க விழிப்புக் கடிகாரம் அந்த ஒளியைக் கொண்டே தன்னைச் சரிசெய்துகொள்கிறது. பகலெல்லாம் இருட்டறையில் தூங்கி வழிபவர் இரவில் விழித்து நடமாடுவதில் வியப்பில்லை.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாம் கிட்வுட், 1997-இல் வெளியிட்ட நூலில் மறதி நோயாளியின் உளத்தேவைகளாக ஐந்தைக் கூறினார்: ஆறுதல், பற்று, சேர்த்துக்கொள்ளப்படுதல், செய்ய ஒரு வேலை, தான் யார் என்ற அடையாளம். உணவும் மருந்தும் குளிப்பாட்டலும் கிடைத்த பிறகும் ஒருவர் ஏன் வாடிப்போகிறார் என்பதற்கு இதில் பதில் இருக்கிறது. கடைசி இரண்டும் நாற்காலியில் உட்கார வைத்துக் கொடுக்கக்கூடியவை அல்ல.

பண்ணைக்குப் போகும் முதியவர்கள்

இந்த முறை வேரூன்றிய நாடு நெதர்லாந்து. 1998-இல் அங்கே பராமரிப்புப் பண்ணைகள் 75 இருந்தன. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவை ஆயிரத்தைத் தாண்டின. சிறு விவசாயிகளுக்குப் பால் விலையும் பயிர் விலையும் கட்டுப்படியாகாத காலம் அது. பராமரிப்பு தேவைப்படுவோருக்கு அரசு தனிநபர் நிதி ஒதுக்கியதும், அதை அவர்கள் விரும்பிய இடத்தில் செலவிடலாம் என்றதும் பண்ணைக்கு இரண்டாவது வருமானம் ஆனது. பல இடங்களில் இதைத் தொடங்கியவர்கள் விவசாயிகளின் மனைவிமார். அவர்களில் செவிலியராகவோ சமூகப் பணியாளராகவோ வேலை பார்த்தவர்கள் உண்டு. 2015-க்குப் பிறகு பகல்நேரப் பராமரிப்பின் பொறுப்பு உள்ளாட்சிகளிடம் வந்தது.

ஆய்வுகள் அங்கிருந்துதான் அதிகம் வந்தன. சிமோன் டி ப்ரூன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பண்ணைக்குப் போகும் மறதி நோயாளிகளையும் வழக்கமான பகல்நேர மையத்துக்குப் போகிறவர்களையும் ஒப்பிட்டார்கள். பண்ணையில் இருப்பவர்கள் அதிகம் அசைகிறார்கள், அதிக நேரம் வெளியில் இருக்கிறார்கள், நன்றாகச் சாப்பிடுகிறார்கள். மெலிந்துபோவது இந்த நோயில் பெரிய ஆபத்து என்பதால் கடைசியில் சொன்னதை அலட்சியம் செய்ய முடியாது. பண்ணைகளுக்கு ஆண்கள் அதிகம் வருகிறார்கள் என்பதும் தெரிந்தது. பகல்நேர மையத்தில் வட்டமாக உட்கார்ந்து பாட்டுப் பாடவும் காகிதம் வெட்டவும் மறுக்கும் ஆண்கள், மண்வெட்டியைக் கொடுத்தால் எழுந்து வருகிறார்கள். தம் வீட்டார் விருப்பத்தோடு போய்வருவதால், அனுப்பிவிட்டோமே என்ற குற்ற உணர்வு தமக்குக் குறைந்ததாகக் குடும்பத்தாரும் சொன்னார்கள்.

நார்வேயில் 2020 ஜனவரி முதல், வீட்டில் வாழும் மறதி நோயாளிகளுக்குப் பகல்நேரச் செயல்பாட்டு வசதி தருவது உள்ளாட்சிகளின் சட்டக் கடமை. அந்தக் கடமையைச் சில ஊர்கள் பண்ணைகளோடு ஒப்பந்தம் செய்து நிறைவேற்றுகின்றன. பனிக் காலத்தில்கூட அங்கே தொழுவ வேலை நிற்பதில்லை. இத்தாலி 2015-இல் சமூக வேளாண்மைக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது.

தமிழ் வாசகருக்கு இவற்றைவிட நெருக்கமானது ஜப்பானின் முயற்சி. டோக்கியோவைச் சேர்ந்த முதுமையியல் ஆய்வாளர்கள், மாட்டுப் பண்ணையும் காய்கறித் தோட்டமும் ஐரோப்பியருக்குப் பழகியது, நமக்குப் பழகியது நெல் அல்லவா என்று கேட்டு, நீகாட்டா பகுதியில் நெல் வயல் வேலையை மறதி நோயாளிகளுக்கான செயல்பாடாக்கினார்கள். வயலுக்கு வந்தவர்களின் மனநலம் மேம்பட்டதை அவர்கள் பதிவு செய்தார்கள். பண்பாடு மாறினால் பயிரும் மாற வேண்டும் என்பது அந்த ஆய்வின் அடிப்படை. திண்டுக்கல்லில் இது சோளமாக, வெங்காயமாக, மல்லிகையாக இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். தோட்ட வேலை மறதியைக் குணப்படுத்தாது. போன நினைவைத் திருப்பித் தராது. பண்ணைக்குப் போனவர்களிடம் நோயின் ஓட்டம் நின்றுவிட்டது என்று எந்த நல்ல ஆய்வும் காட்டவில்லை. பல ஆய்வுகளில் பங்கேற்றோர் எண்ணிக்கையும் சிறியது. கிடைப்பது நல்ல பகல், நல்ல பசி, ஓரளவு நல்ல தூக்கம், பேச ஆட்கள், குடும்பத்தாருக்குச் சில மணி நேர ஓய்வு. முழுமையான சிகிச்சை இல்லாத ஒரு நோயோடு பல ஆண்டுகள் வாழ வேண்டியவருக்கு இவை சில்லறை விஷயங்கள் ஆகா. மூலிகையால் மறதி தீரும் என்று விளம்பரம் செய்பவர்களின் வரிசையில் தோட்ட வேலையையும் நிறுத்திவிடக் கூடாது என்பதற்காகவே இது இவ்வளவு அழுத்திச் சொல்லப்படுகிறது.

எந்த வேலை, எந்தக் கைக்கு

நல்ல வேலைக்குச் சில அடையாளங்கள் உண்டு. அது உண்மையான வேலையாக இருக்க வேண்டும். உரித்த மொச்சை மதியக் குழம்பில் கொதிக்க வேண்டும். பறித்த மொட்டு சந்தைக்கோ சாமிக்கோ போக வேண்டும். ஒரு தட்டிலிருந்து கொட்டி மறு தட்டில் அள்ளும் விளையாட்டை முதியவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதனால் உண்டாகும் அவமானம் நோயைவிடச் சுடும். அடுத்து, அந்த வேலை தவறினாலும் கெட்டுப்போகாததாக இருக்க வேண்டும். நாற்று நடும் வரிசை கோணினால் பயிருக்கு நட்டமில்லை. மோட்டார் போட்டு மடை மாற்றுவது அப்படியல்ல.

திண்டுக்கல் வட்டாரத்தின் பயிர்களில் இப்படிப்பட்ட வேலைகள் நிறைந்திருக்கின்றன. தை, மாசி தொடங்கிப் புளி உலுக்கும் காலம். நத்தம், சாணார்பட்டிப் பக்கம் வீட்டு முற்றங்களில் புளியங்காய் ஓடு தட்டுவதும், நார் உரிப்பதும், கொட்டை எடுப்பதும் கிழவிகளின் வேலையாகவே இருந்துவந்திருக்கின்றன. நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து, பேச்சும் கையுமாக மணிக்கணக்கில் செய்யலாம். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் போகும் முருங்கையைக் கட்டுக் கட்டுவது, முருங்கைக் கீரையைக் காம்பிலிருந்து உருவுவது, சின்ன வெங்காயத்தில் காய்ந்த தாளைக் கிள்ளுவது, நிலக்கடலையைச் செடியிலிருந்து ஆய்வது ஆகியவையும் உட்கார்ந்தபடி இரண்டு கையாலும் செய்யும் வேலைகள். முழங்கால் வலியுள்ளவருக்கு இது பெரிய வசதி.

நிலக்கோட்டை வட்டாரத்தின் மல்லிகை இவற்றில் தனி. மொட்டை விடியற்காலையில், விரிவதற்கு முன் பறித்தாக வேண்டும். முதியவர்கள் எப்படியும் விழித்துவிடும் நேரம் அது, வெயிலும் ஏறியிருக்காது. செடி இடுப்பளவு உயரம்தான். விரிந்ததை விட்டு, முதிர்ந்த மொட்டை மட்டும் கிள்ளும் பார்வையும் விரல் பதமும் பழகிய கைக்குக் கடைசிவரை நிற்கக்கூடியவை. வாசனைக்கும் நினைவுக்கும் மூளையில் நெருங்கிய உறவு இருப்பதால், பேச்சு குறைந்துபோனவர்களிடம்கூட மணம் சில பழைய சொற்களை வெளியே கொண்டுவரலாம். அல்சைமரில் மோப்ப உணர்வு முன்னதாகவே மங்கத் தொடங்கும் என்பதால் எல்லாருக்கும் இது வாய்க்காது. மணம் எட்டாதவருக்கு மொட்டின் குளிர்ச்சி விரலுக்கு எட்டும்.

கருவிகள் பழையனவாக இருப்பது நல்லது. இந்த வயதினரின் இளமையில் சொட்டுநீர்க் குழாயும் களைக்கொல்லித் தெளிப்பானும் கிடையாது. வாய்க்காலும் பாத்தியும் மம்பட்டியும்தான் அவர்கள் கை அறிந்தவை. ஆகவே மறதி நோயாளிகளுக்கென ஒதுக்கும் பாத்திகளில் வாய்க்கால் பாசனமே பொருந்தும். தண்ணீர் சிக்கனம் பேசும் காலத்தில் இது பின்னோக்கிய யோசனையாகத் தோன்றலாம். நாலு சென்ட் கீரைப் பாத்திக்கு அந்தக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடுவது, கோழி முட்டை சேகரிப்பது, கன்றுக்குட்டியைத் தடவிக்கொடுப்பது என உயிர்களோடு செய்யும் வேலைகளுக்குச் செடிகளிடம் இல்லாத ஒரு பலன் உண்டு. ஆடு கூப்பிடும், பசி என்று கத்தும். தொடங்கும் திறனை இழந்தவரை அந்தக் குரல் எழுப்பிவிடுகிறது. கறவை மாட்டில் பால் பீய்ச்சக் கொடுப்பது மட்டும் மாட்டின் குணத்தைப் பார்த்துத்தான்.

வேலைக்கு அழைக்கும் முறையிலும் நுட்பம் தேவை. "அப்பத்தா, இது என்ன செடின்னு ஞாபகம் இருக்கா?" என்ற கேள்வி பரீட்சை. தெரியாவிட்டால் முகம் சுருங்கிவிடும். "அப்பத்தா, மதியத்துக்குக் குழம்பு வைக்கணும், இந்தக் கொத்தவரைய ஆஞ்சு குடுங்க" என்றால் அது உதவி கேட்பது. "அய்யா, இந்தப் பாத்திக்குத் தண்ணி போதுமா, பாத்துச் சொல்லுங்க" என்று ஒரு பழைய சம்சாரியிடம் கேட்டால், அவர் என்ன பதில் சொன்னாலும் அது ஒரு விவசாயியின் கருத்து. திருத்துவதும் நினைவுபடுத்துவதும் அங்கே தேவையற்றவை.

எல்லாரும் விவசாயிகள் அல்லர் என்பதையும் மறக்கலாகாது. திண்டுக்கல் நகரத்துக்குள் பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூட்டுகள் கைவேலையின் பெருமை. தோல் பதனிடும் தொழிலில் இருந்தவர்கள், சின்னாளபட்டித் தறிகளில் சேலை நெய்தவர்கள், சுங்குடிக்கு முடிச்சுப் போட்டவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் ஒருவரை வயலில் இறக்குவது அவருக்குப் புதிய வேலையைக் கற்றுக்கொடுப்பதாகும். மறதி நோயில் கடினமானதும் அதுதான். அவருக்குத் தோட்டத்து மரநிழலில் நூல் கண்டும் முடிச்சும் போதும். வெளிச்சமும் காற்றும் கூட்டாளிகளும் எல்லாருக்கும் பொது; வேலை மட்டும் அவரவர் வாழ்க்கையிலிருந்து வர வேண்டும்.

கிணறும் வெயிலும்

இந்தச் சமவெளியில் பெரிய ஆபத்து கிணறு. அகலமாகவும் ஆழமாகவும் வெட்டப்பட்ட பாசனக் கிணறுகள் பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. தூரத்தை அளக்கும் கண்ணுணர்வு மறதி நோயில் குறைவதால், கிணற்றோரம் நிழல் விழுந்த தரைபோலத் தெரியக்கூடும். முதியவர்கள் வரும் தோட்டத்தில் கிணற்றுக்கு இடுப்புக்கு மேல் சுவரோ கம்பி வலையோ போடாமல் எதையும் தொடங்கக் கூடாது. மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பூட்டு வேண்டும். பூட்டுக்குப் பேர்போன ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

பூச்சிமருந்து டப்பாக்களைத் தோட்டத்தைவிட்டே அகற்ற வேண்டும். தண்ணீர் பாட்டிலில் மருந்தை ஊற்றிவைக்கும் பழக்கம் சாதாரணமானவர்களையே கொன்றிருக்கிறது. வேலியோர அரளி, ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணிக் கொடி ஆகியவற்றைக் களைந்துவிட வேண்டும். கையில் கிடைத்ததை வாயில் போடும் கட்டம் நோயின் போக்கில் வருவதுண்டு.

வெயிலை நேரத்தால்தான் வெல்ல முடியும். பங்குனியிலிருந்து ஆவணிவரை காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் வெளிவேலை முடிந்துவிட வேண்டும். பிறகு கொட்டகை நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலையும், சாப்பாடும், சற்றுக் கண்ணயர்வதும். முதுமையில் தாக உணர்வு மங்கும். மறதி நோயில் தாகம் எடுத்தாலும் கேட்கத் தெரியாது. கேட்காமலே அரை மணிக்கு ஒருமுறை மோரோ நீராகாரமோ கையில் கொடுக்க வேண்டும். பதற்றத்துக்காகவும் சிறுநீர்க் கோளாறுக்காகவும் தரப்படும் மருந்துகளில் சில வியர்வையைக் குறைத்து உடல் சூட்டை ஏற்றும். ஆகவே எந்தெந்த மாத்திரை உள்ளே போகிறது என்பது தோட்டக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சர்க்கரை நோயாளியின் காலுக்குச் செருப்பு கட்டாயம், தழும்பேறிய பாதம் என்றாலும். வெறுங்காலில் நடப்பது மண்ணோடு உறவு என்று அழகாகச் சொல்லலாம். ஆறாத புண்ணுக்கு அந்த அழகு தெரியாது.

தோட்டத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் மருத்துவரைப் பார்ப்பதும் அவசியம். தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் பற்றாக்குறை, மனச்சோர்வு, கீழே விழுந்ததில் மண்டைக்குள் தேங்கிய ரத்தம் ஆகியவை மறதி நோயைப் போலவே தோன்றும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடும் குடும்பங்களில், தீர்க்கக்கூடிய நோய் தீராமலே போய்விடுகிறது.

யாருடைய உழைப்பு, யாருடைய நிலம்

திண்டுக்கல் சமவெளியில் மண்ணில் உழைத்த எல்லாரும் தம் நிலத்தில் உழைத்தவர்கள் அல்லர். பிறர் தோட்டத்தில் கூலிக்குக் குனிந்தே வாழ்நாள் போனவர்கள் அவர்களில் மிகப் பலர். தோட்டத்து வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்கள், தனிக் குவளையில் தண்ணீர் குடிக்க வைக்கப்பட்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுடைய பழைய நினைவுதான் நோயிலும் தெளிவாக நிற்கும் நினைவு. வரப்பைக் கண்டதும் ஒரு மூதாட்டி கைகட்டி ஒதுங்கி நின்றால், அந்த இடம் அவருக்கு நலம் தராது. ஒரே பந்தி, ஒரே குவளை, எல்லாருக்கும் "வாங்க, உக்காருங்க" என்ற விளி ஆகியவை இங்கே மரியாதைக்கு மேலான தேவை. பராமரிப்பின் முதல் நிபந்தனை.

சுரண்டலின் எல்லையும் தெளிவாக இருக்க வேண்டும். இவ்வளவு பறித்தாக வேண்டும் என்ற கணக்கு வந்த அன்றே அது பராமரிப்பு இல்லை என்றாகிவிடும். அதே சமயம் உழைத்தவருக்குக் கையில் ஏதாவது கொடுத்து அனுப்புவது நல்ல வழக்கம். ஒரு கட்டுக் கீரை, நாலு முட்டை, மடியில் கொஞ்சம் பூ. வாரக்கூலி வாங்கிப் பழகிய கை வெறுங்கையாக வீடு போகக் கூசும். நூறு நாள் வேலைத் திட்டத்தில் வயதானவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என்று லேசான பொறுப்பை ஒதுக்கிய அனுபவம் கிராமங்களுக்கு உண்டு. அந்த வேலைத்தளங்களில் பாட்டிமார் சம்பாதித்தது கூலி மட்டும் அல்ல என்பது அங்கே போய்வந்தவர்களுக்குத் தெரியும். வேலை வேண்டாம் என்று சொல்பவருக்குச் சும்மா உட்கார்ந்து பார்க்கும் உரிமையும் இருக்க வேண்டும். ஆயுள் முழுக்கக் களை எடுத்த ஒரு பெண், இனி எடுக்க மாட்டேன் என்றால் அதுவும் நியாயமே.

யார் நடத்துவது

இந்தியாவில் நீண்டகாலப் பராமரிப்புக்குக் காப்பீடும் கிடையாது, நெதர்லாந்தைப் போலத் தனிநபர் நிதியும் கிடையாது. சுமை முழுவதும் குடும்பத்தின் மேல், அதிலும் மகள், மருமகள் மேல் விழுகிறது. கேரளத்தில் 1992-இல் தொடங்கிய அல்சைமர் சங்கமான ஏஆர்டிஎஸ்ஐ, மறதி நோயைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. அம்மாநில அரசு அதனோடு சேர்ந்து 'ஸ்மிருதிபதம்' என்ற பெயரில் பகல்நேர மையங்களைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம் மறதி நோய்ப் பராமரிப்பில் ஈடுபட்டுவருகிறது. முதியோரையும் தோட்டத்தையும் இணைத்த முன்மாதிரிக்குக் கடலூர் மாவட்டத்தைப் பார்க்கலாம். 2004 சுனாமிக்குப் பிறகு ஹெல்ப்ஏஜ் இந்தியா அங்கே உருவாக்கிய தாமரைக்குளம் முதியோர் கிராமம், ஆதரவற்ற முதியவர்கள் தோட்டமும் மாடுமாகச் சேர்ந்து வாழும் இடம். அது மறதி நோய்க்கென அமைந்தது அல்ல என்றாலும், முதியோர் இல்லம் என்றால் நான்கு சுவரும் வரிசைக் கட்டில்களும் என்ற வழக்கத்தை மாற்றிக் காட்டியது.

திண்டுக்கல்லுக்குத் தேவையான உறுப்புகள் ஏற்கெனவே இந்த மண்ணில் தனித்தனியாக இருக்கின்றன. டாக்டர் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் நிறுவிய காந்திகிராமம், கைத்தொழில் வழியே கற்பித்தல் என்ற காந்தியின் ஆதாரக் கல்வியிலிருந்து கிளைத்தது. 1956-இல் உருவாகி 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான அதன் கிராமிய நிறுவனத்தில் ஊரக மேம்பாட்டுப் படிப்பும் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன. கஸ்தூரிபா மருத்துவமனையும் அருகிலேயே. 1955-இல் தொடங்கிய ஒட்டன்சத்திரம் கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனை கிராம மருத்துவத்தில் நீண்ட அனுபவம் உடையது. திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. வீடு தேடிப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. அந்தப் பணியாளர்கள் வாசற்படியில் நின்று கேட்கும் கேள்விகளில் மறதியைப் பற்றி இரண்டைச் சேர்த்தால், கதவுக்குப் பின்னால் இருப்பவர்கள் கணக்கில் வருவார்கள்.

பெரிய கட்டடமும் புதிய நிலமும் தேவையில்லை. ஒரு தோட்டத்துக்கு ஆறு முதல் எட்டு முதியவர்கள், வாரத்தில் இரண்டு மூன்று காலைகள், இரண்டு பயிற்சி பெற்ற துணையாளர்கள், அழைத்து வந்து கொண்டுவிட ஒரு ஷேர் ஆட்டோ, கைப்பிடி வைத்த கழிப்பறை, கம்பி வலையிட்ட கிணறு. துணையாளர்களை மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்தே எடுக்கலாம். தத்தம் வீட்டில் ஒரு மறதி நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்கள் அங்கே இருப்பார்கள். விலை விழும் பருவத்தில் தக்காளியைப் பறிக்காமல் மாட்டுக்கு விடும் சிறு விவசாயிக்கு, மாதந்தோறும் உறுதியாக வரும் ஒரு தொகை நிலத்தை விற்காமல் இருக்கக் காரணமாகும். நெதர்லாந்தில் இது நடந்தது இப்படித்தான்.

நோய் முற்றும்போது வேலை சுருங்கிக்கொண்டே வரும். பறித்தவர் பொறுக்குவார், பொறுக்கியவர் கூடையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார், பிறகு அதுவும் இராது. விழுங்குவது கடினமாகி, நடை நின்று, ஆளைத் தூக்கி உட்கார வைக்கும் நிலை வந்தால் தோட்டப் பயணம் உடலுக்கு வேதனை. அந்தக் கட்டத்தில் நிறுத்திவிட்டு, பழகிய துணையாளரை வாரம் ஒருமுறை வீட்டுக்கு அனுப்புவது ஏற்பாட்டின் ஒரு பகுதியாகவே இருக்க வேண்டும். அவர் வரும் இரண்டு மணி நேரத்தில் மருமகள் ரேஷன் கடைக்கோ, தன் முதுகு வலிக்கு மருத்துவமனைக்கோ போய்வரலாம்.